எழுத இடம் விட்ட தாள்

சென்ற வாரம் வீட்டில் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது கறுத்த தாள்களாலான ஒரு கட்டு கையில் அகப்பட்டது. 38 தாள்கள். ஒவ்வொன்றின் வலப்பக்கத்திலும் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளின் நீள்துண்டு ஒன்று ஸ்டேப்ளர் ஊசியால் பிணைக்கப்பட்டிருந்தது. ஊசிகளில் இப்பொழுது துரு ஏறியிருக்கிறது. தாள்களில் உள்ளவை நான் நிகழ்த்திய விரிவுரையின் சிலைட்டுகள். துண்டுகளில் உள்ளது ஒரு மாணவியின் கையெழுத்து. இக்கட்டு என்னிடம் வந்து சேர்ந்த கதையையே இன்று எழுத நினைக்கிறேன். விரிவுரை நிகழ்த்துவோரும் படிப்போரும் பல நாடுகளிலிருந்து இப்பக்கத்தை வாசிக்கிறார்கள். அவர்களுக்கு இதில் சில நடைமுறைப் பயன்களும் இருக்கக்கூடும்.

பத்திரிகைத் தொழிலுக்கு இடையே சில ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைக்கு வருகை விரிவுரையாளராகவும் சென்று வருகிறேன். தொடக்கத்தில் கரும்பலகையும் வெண்கட்டியுமே எனக்குப் போதுமாயிருந்தன. முக்கியமானவற்றை இரண்டு பக்க ரியூட்டாகத் தட்டச்சுச் செய்து போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்துவிடுவேன். 2020இல் கொரோனா வந்து பல்கலைக்கழகங்கள் மூடப்பட, எல்லோரையும் போல நானும் கணினித் திரைக்கு முன்னால் அமர்ந்து பேசக் கற்றுக்கொண்டேன். அதன்பின் 2022 வந்தது.

அந்த ஆண்டை இலங்கையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். அந்த மார்ச் மாதத்தில் எரிபொருளும் எரிவாயுவும் மட்டுமன்றிக் காகிதமும் இந்நாட்டில் இல்லாமற் போயிற்று. மேல் மாகாணப் பாடசாலைகளில் வினாத்தாள் அச்சிடக் காகிதமின்றித் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. இரண்டு நாளேடுகள் தமது சனிக்கிழமை அச்சுப் பதிப்புகளை நிறுத்திக்கொண்டன. எங்கள் பத்திரிகையிலும் பக்கங்கள் குறைந்தன. போட்டோகொப்பி விலை மாதத்துக்கொரு தடவை ஏறியது.

இந்நிலையில் எனக்கொரு யோசனை உதித்தது. தாளே வேண்டாம்! விரிவுரைகள் யாவற்றையும் இணையத்தில் திறக்கும் சிலைட்டுகளாகச் செய்துவிட்டால் மாணவர்கள் தத்தமது கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்துப் பக்க வடிவமைப்பாளரான தம்பி ஒருவர் ‘ரிவீல்’ என்னும் இலவச மென்பொருளைக் காட்டித் தந்தார். கருநீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, அம்புக்குறியைத் தொடத் தொட ஒவ்வொரு வரியாகத் தோன்றும் அழகு. ஐம்பது வயதைக் கடந்தவன் ஒரு புதிய வித்தையைக் கற்றுக்கொண்டால் அவனுக்கு ஏற்படும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ‘காகிதமில்லா விரிவுரை’ என்று சந்தித்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

2023இன் முற்பகுதியில் ஒரு சனிக்கிழமை. விரிவுரை முடிந்து மண்டபம் கலைந்த பின்னர் மாணவி ஒருவர் மட்டும் நின்றார். மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து பல்கலைக்கழகத்துக்கு அருகில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். வகுப்பில் அதிகம் பேசாதவர். கையில் மேலே சொன்ன கட்டு.

“சேர், நீங்க போட்ட சிலைட்டை எல்லாம் பிரின்ட் எடுத்தேன். ஆனா எழுதுறதுக்கு இடமே இல்ல சேர்.”

வாங்கிப் பார்த்தேன். அவரிடம் மடிக்கணினி கிடையாது. கைப்பேசியில் ஒவ்வொரு சிலைட்டாகத் திறந்து, திரையைப் படம் பிடித்து, அப்படங்களை வட்ஸ்அப் மூலம் கொமியூனிகேஷன் கடைக்கு அனுப்பியிருக்கிறார். கடைக்காரர் படத்துக்கு ஒரு தாளாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். என் அழகிய கருநீலம் கறுப்பு வெள்ளை அச்சில் தார் பூசியதுபோல் இறங்கியிருந்தது. பல இடங்களில் மை திட்டுத்திட்டாக நின்று, தொட்டால் விரலில் ஒட்டியது. பேனை பிடிக்க வழியில்லை. ஆகவேதான் அவர் கொப்பித் தாளை நீளமாக வெட்டி ஒவ்வொரு பக்கத்தோடும் இணைத்துத் தமக்கான ஓரத்தைத் தாமே உண்டாக்கியிருந்தார்.

அத்தோடும் முடியவில்லை. வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் ஏற்பாட்டினால் சில படங்கள் கடைசி வரி தோன்றுமுன்பே பிடிக்கப்பட்டிருந்தன. ஒரு சிலைட்டில் ‘செய்தியின் மூலங்கள் மூன்று வகைப்படும்’ என்ற தலைப்பின்கீழ் இரண்டு வகைகளே இருந்தன. மூன்றாவதை அவர் பரீட்சையில் எப்படி எழுதுவார்?

எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். பக்கத்துக்கு 20 ரூபாய்ப்படி 760 ரூபாய். என் காகிதமில்லா விரிவுரை அவருக்கு 760 ரூபாய்க் காகிதமாக முடிந்திருந்தது.

“கைப்பேசியிலேயே வாசிக்கலாமே?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட மாத்திரத்திலேயே அது மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது.

“வாசிக்கலாம் சேர். ஆனா நீங்க சொல்றத எங்க எழுதுறது?”

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வியே காதில் நின்றது. இதனை நான் மறந்திருக்கக் கூடாது என்பதே எனக்குற்ற வெட்கம். நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது 1991இல். பொருளாதாரத் தடை 1990இல் ஆரம்பித்திருந்தது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. காகிதமும் அப்படியே. எங்கள் ஊர்ப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலெல்லாம் அச்சாகி வந்த காலம் அது. விரிவுரையாளர்கள் றோனியோவில் எடுத்துத் தந்த ரியூட்டுகளில் தாளை மிச்சம் பிடிப்பதற்காக மேலும் கீழும் இடமும் வலமும் ஓரம் என்பதே இராது. எழுத்துகள் தாளின் விளிம்பிலிருந்து கீழே விழப்போவனபோல் நிற்கும். நாங்கள் வரிகளுக்கு இடையே எறும்பெழுத்தில் எழுதுவோம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எது ரியூட், எது எங்கள் எழுத்து என்று பிரித்தறிவது பெரும்பாடு.

அக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெருஞ்செல்வம், மூத்த மாணவர் ஒருவர் கைமாற்றித் தந்த குறிப்புக் கொப்பி. அவருக்கு அதனை அவரினும் மூத்தவர் ஒருவர் கொடுத்திருந்தார். முதலாமவர் புண்ணியவான். பக்கத்துக்குப் பக்கம் தாராளமாக இடம் விட்டு எழுதியிருந்தார். அவ்விடத்தில் இரண்டாமவர் வேறு மையினால் சந்தேகங்களையும் மறுப்புகளையும் எழுதியிருந்தார். ‘இதை நூலகத்தில் பார்த்தேன், பிழை’ என்று ஓரிடத்தில் இருந்தது. விரிவுரையாளர் சொன்னதைப் பிழை என்று எழுதலாம் என்பதை நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்தபோதும் முதற்பாடம் இதுவேயாயிருந்தது. நியூஸ்பிரின்ட் உருளையின் மிச்சத்தை வெட்டிய தாள்களைத் தருவார்கள். முதல் நாள் நான் எழுதிக் கொடுத்த செய்தியைச் செய்தி ஆசிரியர் வாசிக்காமலே திருப்பித் தந்தார். “தம்பி, நீர் தாள் முழுக்க எழுதியிருக்கிறீர். நான் எங்க எழுதுறது?” இடப்பக்கம் மூன்று விரல் ஓரமும் வரிக்கு வரி இடைவெளியும் விடாத பிரதி, திருத்த முடியாத பிரதி. முப்பது ஆண்டுகளாக அவ்வாறு எழுதிப் பழகியவன்தான் மாணவர்களுக்கென்று வந்தபோது தார் பூசிய தாளைக் கொடுத்திருந்தேன்!

மறுநாள் வடிவமைப்பாளர் தம்பியைப் பிடித்தேன். இதன் பின்னர் வருவது சற்றுத் தொழில்நுட்பம். பொறுத்துக்கொள்க.

இணைய சிலைட்டை உலாவியில் திறந்து சாதாரணமாக அச்சிடச் சொன்னால் எதிர்பார்த்தது கிடைப்பதில்லை. திரைக்கென அமைந்த பக்கம் அது. ஒரு நேரத்தில் ஒரு சிலைட்டைக் காட்டி ஏனையவற்றை மறைத்து வைத்திருக்கும். ரிவீலைச் செய்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இணைய முகவரியின் இறுதியில் ஒரு கேள்விக்குறி இட்டு ‘பிரின்ட்-பீ.டி.எவ்.’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் (பிந்திய பதிப்புகளில் ‘வியூ=பிரின்ட்’) எல்லாச் சிலைட்டுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரியும். பின்னர் குரோம் உலாவியில் அச்சிடு என்று கொடுத்துப் பீ.டி.எவ். கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம்.

ஆவலோடு செய்தோம். 38 சிலைட்டுகள் நூறு பக்கங்களைத் தாண்டிச் சென்றன!

“அண்ணை, நீங்கள் ஒவ்வொரு வரியா வரப் பண்ணியிருக்கிறியள். அது ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் போடுது” என்றார் தம்பி. முதற்பக்கத்தில் ஒரு வரி, அடுத்ததில் இரண்டு வரி, அதற்கடுத்ததில் மூன்று. அமைப்பில் ஒரு சொல்லை மாற்றியதும் ஒரு சிலைட் ஒரு பக்கமாக அடங்கியது. இந்த மென்பொருளைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் இவ்விடத்தைக் கவனித்துக்கொள்வது நல்லது. கவனிக்காவிட்டால் அந்த நூறு பக்கங்களுக்கும் பணம் கொடுப்பவர் மாணவரே.

அடுத்து நிறம். திரைக்கு ஓர் உடை, தாளுக்கு வேறோர் உடை என்று ஒரே பக்கத்துக்கு இரண்டு விதமான கட்டளைகளைக் கொடுக்க முடியும் என்பதைத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் விதிகளில் 1998 முதலே இதற்கு இடமிருக்கிறதாம். எரிக் மேயர் என்பவர் 2004இல் வெளியிட்ட ‘எஸ்5’ என்னும் பழைய சிலைட் மென்பொருளிலேயே அச்சுக்கெனத் தனி அமைப்பு இருந்தது. ஆக, கருவியில் குறையில்லை. அச்சிடுபவர் ஒருவர் இருப்பார் என்று நான் நினைத்துப் பார்க்காததே குறை. தாளுக்கான உடையில் பின்னணியை வெள்ளையாகவும் எழுத்தைக் கறுப்பாகவும் மாற்றினோம். அம்புக்குறிகளையும் அலங்காரங்களையும் மறைத்தோம். தொட்டால் வேறு பக்கத்துக்குப் போகும் சொற்களுக்குப் பக்கத்தில் அம்முகவரி முழுமையாக அச்சாகும்படி செய்தோம். தாளைத் தொட்டு எங்கும் போக முடியாதல்லவா?

தமிழ் எழுத்து ஒரு தனிக் கதை. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து கொண்டுபோன கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாக விரிந்த காலத்தை எம்மவர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். யூனிகோட் வந்து அந்தத் துன்பம் பெரும்பாலும் நீங்கிற்று. எனினும், கொம்பு ஒருபுறமும் எழுத்து மறுபுறமுமாக, இடையே ஒரு புள்ளி வட்டத்தோடு தமிழை அச்சிட்டுத் தரும் கணினிகளை இன்றும் காண்கிறேன். ஆகவே மாணவரிடம் இணைய முகவரியை மட்டும் கொடுத்து “கடையில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்” என்பது போதாது. எழுத்துரு உள்ளே பொதிந்த பீ.டி.எவ். கோப்பை நாமே செய்து கொடுத்துவிட வேண்டும். படங்களைச் சிறிதாக்கிக் கோப்பின் அளவைக் குறைப்பதும் அவசியம். டேட்டாவுக்கும் அவர்களே பணம் கொடுக்கிறார்கள். 2020இலும் 2021இலும் சிக்னலுக்காக மலை உச்சிக்கும் மரக் கொப்புக்கும் ஏறிப் படித்த பிள்ளைகளின் படங்களை எங்கள் பத்திரிகைகளே வெளியிட்டிருந்தன.

பின்னர் மிக முக்கியமான விடயம், அந்த ஓரம். பவர்பொயின்டில் தாளுக்கு மூன்று சிலைட் என்று தெரிவுசெய்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுவதற்குக் கோடுகள் போட்டுத் தரும். நெடுங்காலமாக உள்ள வசதி அது. அந்த அமைப்பையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து இடப்பாதியில் மூன்று சிலைட், வலப்பாதியில் மெல்லிய கோடுகள். ஒரு சிலைட் இரண்டு பக்கங்களுக்கிடையே வெட்டுப்படாதபடி ஒரு விதி. கோவையில் துளையிட்டுக் கோக்க இடப்பக்கத்தில் இரண்டு விரல் இடம். ஒவ்வொரு தாளின் அடியிலும் விரிவுரையின் பெயர், திகதி, பக்க எண். இந்தக் கடைசி ஏற்பாடு என் தொழில் புத்தி. உதிரித் தாள்கள் கலந்துபோகும் என்பது பத்திரிகைக்காரனுக்குத் தெரியும். தாளுக்கு ஆறு சிலைட் போட்டால் இன்னும் மலிவாகுமே என்று முயன்றும் பார்த்தோம். ஆங்கிலத்தில் ஒருவேளை சரிவரலாம். எங்கள் சொற்களின் நீளத்துக்கு அது பூதக்கண்ணாடி கேட்கிறது.

38 சிலைட்டுகள் 13 பக்கங்களாயின. 260 ரூபாய். தாளின் இருபுறமும் அச்சிட்டால் ஏழே தாள்கள்.

இதைக் கேள்வியுற்ற விரிவுரையாளர் நண்பர் ஒருவர் நியாயமான ஒரு தடையை எழுப்பினார். “எல்லாத்தையும் அடிச்சுக் குடுத்தால் வகுப்புக்கு ஆர் வருவினம்? வந்தாலும் எழுதுவினமோ?” யோசித்துப் பார்த்தேன். அமெரிக்க ஆய்வாளர்களான முல்லரும் ஒப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட கட்டுரையொன்று, மடிக்கணினியில் தட்டச்சுச் செய்வோர் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்கிறார்கள், கையால் எழுதுவோர் சுருக்கித் தம் சொல்லில் எழுதுவதால் கருத்தை நன்கு விளங்கிக்கொள்கிறார்கள் என்று கூறிற்று. பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அத்தனை தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. ஆகவே அதன்மீது நான் அதிக பாரத்தை ஏற்ற விரும்பவில்லை. முப்பது ஆண்டுகள் கூட்டங்களில் குறிப்பெடுத்தவன் என்ற வகையில் எனக்குத் தெரிந்தது இதுதான்: ஒலிப்பதிவுக் கருவியை நம்பியிருந்த நாட்களில் நான் பேச்சாளரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ற்றர் போக் என்பவர், 1962இல் வெளிவந்த தமது நூலில் குறிப்பெடுக்கும் தாளை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார். பெரும்பகுதி விரிவுரைக்கு, இடப்பக்க ஒடுங்கிய பகுதி பின்னர் எழுதும் கேள்விகளுக்கு, அடிப்பகுதி சொந்தச் சுருக்கத்துக்கு. அதிலிருந்து ஒன்றைக் களவெடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான்கு விரல் இடத்தைக் கோடுகூட இல்லாமல் விட்டேன். சில சிலைட்டுகளில் விடைகளையும் எடுத்துவிட்டேன். உதாரணமாக, ஒரு விபத்தின் விபரங்களைத் தந்து அதன் முதல் வாக்கியத்துக்கு உரிய இடத்தை வெறுமையாக விடுவது. அந்த வாக்கியம் வகுப்பில்தான் பிறக்கும். வராதவர் தாளில் அது இராது. நண்பர் இதில் ஓரளவு சமாதானமடைந்தார். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவருக்கு மட்டும் தாளுக்கு ஒரு சிலைட்டாகப் பெரிய எழுத்தில் தனிப்பிரதி செய்து, விடைகளை நிரப்பியே கொடுக்கிறேன். அதனை எவரும் ஆட்சேபித்ததில்லை.

மூன்று வாரங்களின் பின்னர் அம்மாணவியிடம் புதிய பிரதியைக் கொடுத்தேன். அச்சுச் செலவு என்னுடையது. பழைய கட்டை எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை, குறிப்புகளைப் புதிய தாளில் மாற்றி எழுதிவிட்டதாகச் சொல்லி அதனைக் கொண்டுவந்து தந்தார். அன்றிரவுதான் அந்த நீள்துண்டுகளை முதன்முறையாக வாசித்தேன்.

பெரும்பாலானவை நான் வகுப்பில் சொன்ன உதாரணங்கள். சில இடங்களில் நான் சொன்ன நகைச்சுவையும் எழுதப்பட்டு, பக்கத்தில் ஒரு வினாக்குறி. அதாவது சிரிப்பு வரவில்லை என்று பொருள்! 31ஆம் சிலைட் ‘மக்களின் குரலைச் செய்தியில் சேர்த்தல்’ என்பது. அதில் நானே பல்லாண்டுகளுக்கு முன்னர் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் போராட்டம் பற்றி எழுதிய செய்தியொன்றை மாதிரியாகப் பெருமையோடு காட்டியிருந்தேன். அதற்கெதிரே இருந்த துண்டில் அவர் எழுதியிருந்தார்:

‘இதில் அமைச்சருக்குப் பெயர் இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவருக்குப் பெயர் இருக்கிறது. தோட்டத் துரைக்கும் இருக்கிறது. பேசிய பெண்ணுக்கு ஏன் பெயர் இல்லை? கேட்கவில்லையா?’

செய்தி நறுக்கை எடுத்துப் பார்த்தேன். ‘தொழிலாளப் பெண் ஒருவர் கூறினார்’ என்றே இருந்தது. ஆபத்துக்கு அஞ்சி மறைத்த பெயரா? இல்லை. அவர் முகம் நினைவிருக்கிறது, கொழுந்துக்கூடையோடு நின்ற இடமும் நினைவிருக்கிறது. பெயரை நான் கேட்கவில்லை.

அடுத்த விரிவுரையில் இதனை வகுப்பில் சொன்னேன். யார் கேட்ட கேள்வி என்று சொல்லவில்லை. அவரும் தலை நிமிரவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். 2024ஆம் ஆண்டுத் தொகுதிக்கு அக்கேள்வியையே 39ஆவது சிலைட்டாகச் சேர்த்தேன். அதனால் அச்சுச் செலவு கூடவில்லை. 13ஆம் பக்கத்தில் ஒரு சிலைட்டுக்கான இடம் ஏற்கெனவே வெறுமையாய்க் கிடந்தது.